சதுரங்கப் பலகையின் உண்மை விலை

2024 டிசம்பர் 12ந் தேதி சிங்கப்பூரில், 18 வயதே நிரம்பிய சென்னை இளைஞர் குகேஷ் சதுரங்கத்தில் உலகச் சாம்பியனானார். தோட்டக் கூலியின் பிள்ளையும் மில் தொழிலாளியின் பிள்ளையும் தங்களுக்கும் ஒரு செஸ் பலகை வேண்டுமென்று கேட்டால், அது நியாயமான ஆசையே.

ஆனால் வடகவுஞ்சி போன்ற மலைக் கிராமத்தில் அதற்கென்று தனிக் கடை ஏது? பழனிக்கோ கொடைக்கானலுக்கோ பஸ் ஏற வேண்டும். இல்லையேல் செல்போனில் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

செல்போன் கடையில் முதலில் கண்ணில் படுவது, "பாதி விலை" என்னும் கொட்டை எழுத்து. எதில் பாதி? அடித்துப் போட்ட அந்தப் பழைய விலையை எழுதியதும் வியாபாரத் தரப்புதானே! அனுப்பும் கூலி முதலிய சகல கட்டணங்களும் சேர்ந்த மொத்த விலையைக் காட்ட வேண்டுமென்று, 2020ம் ஆண்டின் மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. ஆகவே கடைசிப் பக்கம் வரை சென்று, அங்கே வரும் தொகையைத்தான் நாலு கடைகளில் ஒப்பிட வேண்டும். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

சரக்கையும் அளந்து பார்க்க வேண்டும். போட்டிக்குரிய ராஜாக் காயின் உயரம் சுமார் 9.5 சென்டிமீட்டர். படத்தில் யானையாகத் தெரிவது, கைக்கு வரும்போது பூனையாகிவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் பலகை மீதான ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அந்தக் குறைப்பு விலையில் தெரிகிறதா? கேட்க நமக்கு உரிமை உண்டு.

புத்தகத்தின் கதை வேறு. அச்சிட்ட புத்தகத்துக்கு வரியே கிடையாது. கியூபா நாட்டு உலகச் சாம்பியன் காபபிளாங்கா 1921ல் எழுதிய 'செஸ் ஃபண்டமெண்டல்ஸ்' என்ற ஆங்கில நூல், கூட்டன்பர்க் இணையத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படித்த வாலிபர்கள் அதை மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கலாம். காசு கேட்பவனிடம் போகுமுன் இதை நினைவில் வைப்போம்.

2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். எந்த விலையையும் இந்தக் கூலியால் வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் வியர்வை அது என்பது புரியும். பத்துக் குடும்பம் தனித்தனியே ஆர்டர் கொடுத்தால், பத்து முறை அனுப்பும் கூலி. ஒன்றுசேர்ந்து வாங்கினால் ஒரே முறை.

இத்தோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு கிராம நூலகத்திலும் பள்ளியிலும் செஸ் பலகைகளும் தமிழில் செஸ் நூல்களும் இருக்க வேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்துகிறோம். உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் அறிவு, அப்பனின் பணப்பையைக் கேட்டு வளரக் கூடாது.