இறையாட்சி உள்ளேயா, நடுவேயா? நெய்வேலியில் நின்று கேட்க வேண்டிய கேள்வி

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரே பிளாக்கில், ஒரே மாதிரியான குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்து குடியிருக்கும் இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கத்தோலிக்கக் குடும்பம். இன்னொன்று புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வீட்டிலிருந்தும் பைபிளோடுதான் கிளம்புவார்கள். ஆனால், லூக்கா நற்செய்தி 17-ம் அதிகாரம் 21-ம் வசனத்தை வாசிக்கச் சொன்னால், இரண்டு வீட்டுக்காரர்களும் இரண்டு விதமாக வாசிப்பார்கள்.

கடவுளின் ஆட்சி எப்போது வரும் என்று பரிசேயர்கள் இயேசுவிடம் கேட்கும் இடம் அது. அது கண்ணுக்குத் தெரியும்படி ஊர்வலமாக வரப்போவதில்லை என்கிறார் அவர். அப்படியென்றால் எங்கே இருக்கிறது? பெரும்பாலான புராட்டஸ்டன்ட் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'உங்களுக்குள்' இருக்கிறது. 1995-ல் கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தில் 'உங்கள் நடுவே' இருக்கிறது. ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால், அந்த ஒரு சொல் ஒரு மனிதரின் வாழ்க்கையையே வேறு பக்கம் திருப்பிவிடக்கூடியது.

மூலமான கிரேக்க மொழியில் அங்கே இருக்கும் சொல் 'என்டோஸ்'. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் இரண்டே இடங்களில்தான் வருகிறது. இன்னொரு இடம் மத்தேயு 23-ல், கிண்ணத்தின் வெளிப்புறத்தை மட்டும் கழுவுகிறவர்களைக் கண்டிக்கும் பகுதி. அங்கே கிண்ணத்தின் 'உட்புறம்' என்பதுதான் பொருள், சந்தேகமில்லை. அதே பொருளை லூக்காவுக்கும் கொண்டுவந்தால் 'உங்களுக்குள்' சரி. ஆனால், இயேசு பேசிக்கொண்டிருப்பது சீடர்களிடம் அல்ல, தன்னை மடக்கப் பார்க்கும் பரிசேயர்களிடம். அவர்களுடைய உள்ளத்திலா கடவுளின் ஆட்சி நடக்கிறது என்று கேட்கும் அறிஞர்கள் 'நடுவே' என்பதையே தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை.

தமிழுக்கு இதில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. 'தேவனுடைய ராஜ்யம்' என்றது பழைய பைபிள். 'இறையாட்சி' என்கிறது புதியது. ராஜ்யம் என்றதும் எல்லையும் கோட்டையும் மனதில் வருகின்றன. ஆட்சி என்பது அப்படி ஓர் இடம் அல்ல. ஒருவர் சொல் செல்லுபடியாவது. உள்ளத்தில் யாருடைய சொல் செல்லுபடியாகிறது? என்னுடைய கோபத்தினுடையதா, ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தினுடையதா, இல்லை அவருடையதா? 'உள்ளே' என்று வாசிக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான். கத்தோலிக்கத் துறவியர், முக்கியமாக இயேசு சபையினர், நாள் முடிவில் சில நிமிடங்கள் உட்கார்ந்து அன்றைய பொழுதைத் திரும்பிப் பார்க்கிறார்கள். எங்கே மனம் இளகியது, எங்கே இறுகியது என்று பார்க்கும் பயிற்சி அது. 16-ம் நூற்றாண்டில் இஞ்ஞாசியார் வகுத்துக்கொடுத்தது. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பும்போதுகூடச் செய்யலாம். தனி அறை தேவையில்லை.

ஈரக்குலை அறிந்த மொழி

இயேசு இரக்கப்பட்டார் என்று நற்செய்திகள் சொல்லும் இடங்களில் கிரேக்கத்தில் ஒரு விசித்திரமான வினைச்சொல் வரும். 'ஸ்ப்ளாங்க்னா' என்றால் குடல், ஈரல் முதலான உள்ளுறுப்புகள். அதிலிருந்து பிறந்த சொல் அது. ஆங்கிலத்தில் இதை விளக்க அடிக்குறிப்பு எழுத வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுப் பாட்டிகளிடம் விளக்கமே தேவையில்லை. பிள்ளை விழுந்துவிட்டான் என்றால் 'ஈரக்குலையே நடுங்கிப்போச்சு' என்பார்கள். 'பெத்த வயிறு பத்தி எரியுது' என்பார்கள். பரிவு என்பது மூளையில் எடுக்கும் முடிவு அல்ல, வயிற்றில் நடக்கும் ஒன்று என்பதை இந்த மொழி எப்போதோ தெரிந்துவைத்திருக்கிறது. எபிரேய மொழியிலும் இரக்கத்துக்கான சொல்லும் கருப்பைக்கான சொல்லும் ஒரே வேரிலிருந்து வருகின்றன.

நைன் ஊரில் ஒரே மகனைப் பறிகொடுத்த விதவையைப் பார்த்ததும் இயேசுவுக்கு நடப்பது இதுதான். அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்த சமாரியனுக்கும், ஓடிப்போன மகன் தூரத்தில் வருவதைப் பார்த்த அப்பாவுக்கும் இதே சொல்தான். சமாரியனின் கதையில் அவனுக்கு முன்பே இரண்டு பேர் அந்த வழியாகப் போகிறார்கள். அவர்களுக்கும் கண் தெரிந்தது. அடிபட்டவனைப் பார்க்கவும் செய்தார்கள். பார்த்ததற்கும் விலகிப்போனதற்கும் நடுவில் வயிற்றில் எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய தமிழ் பைபிள் இந்தச் சொல்லை 'மனதுருகி' என்று தருகிறது. உருகுவதற்கு முன்னால் அது கெட்டியாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? இறைவாக்கினர் எசேக்கியேல் பேசும் கல்லான இதயம் நினைவுக்கு வரும்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

மனம் உருகுவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. நெய்வேலியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. திண்டிவனமும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

1890-களில் திண்டிவனத்தில் அமெரிக்க மிஷனரி மருத்துவராக இருந்தவர் ஜான் ஸ்கடர். அவருடைய மகள் ஐடா ஸ்கடர், உடல்நலம் குன்றிய அம்மாவைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். இருபதுகளின் தொடக்கம். பஞ்சத்தையும் பட்டினியையும் சிறுவயதிலேயே பார்த்துவிட்டதால், இந்த நாட்டில் மிஷனரியாக இருக்கப் போவதில்லை என்று உறுதியாக இருந்த பெண். எப்போது திரும்பிப் போகலாம் என்றுதான் காத்திருந்தார்.

ஓர் இரவு, சில மணி நேர இடைவெளியில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் உயர்சாதி இந்து. மூன்று பேருக்கும் ஒரே பிரச்னை: மனைவி பிரசவத்தில் துடித்துக்கொண்டிருக்கிறாள். 'என் அப்பா டாக்டர், அவர் வருவார்' என்று ஐடா சொன்னார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். மருத்துவம் தெரியாத ஐடாவால் போயும் பயனில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். அன்று இரவு அவர் அழுதிருப்பார், ஜெபித்திருப்பார். அதோடு நின்றிருந்தால் இன்று அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்து அவர் செய்தது அமெரிக்கா போய் மருத்துவம் படித்தது. 1899-ல் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு சிறிய மருத்துவமனை. 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. ஒருத்தி எத்தனை வீட்டுக்குத்தான் போக முடியும் என்று புரிந்தபோது, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி. ஒரே இரவில் உருகிய மனம், அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு காலம் கணக்குப் பார்த்து, நன்கொடை திரட்டி, செங்கல் அடுக்கியது. அவர் 1960-ல் கொடைக்கானலில் இறந்தார்.

ஐடாவுக்கு ஆட்சி 'உள்ளே' வந்ததா, 'நடுவே' வந்ததா? திண்டிவனத்தில் முதலில் நடந்தது உள்ளேதான். வேலூரில் நடந்தது நடுவே.

இந்த 'உள்ளே' என்பதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் டால்ஸ்டாய். இதே வசனத்தைத் தலைப்பாக வைத்து அவர் எழுதிய நூல் ரஷ்யாவில் தடைசெய்யப்பட்டு, 1894-ல் ஜெர்மனியில் வெளியானது. தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியை அது புரட்டிப்போட்டது. 1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே ஹெர்மன் காலன்பாக் கொடுத்த நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது, சிறைசென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் தமிழர்கள் நிறைய. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலையை காந்தியே எடுத்துக்கொண்டார், தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழை வைத்துக்கொண்டு!

வயலும் சுரங்கமும்

மறுபடி நெய்வேலிக்கு வரலாம். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து இந்த ஊரின் கதை தொடங்குகிறது. 1956-ல் நிறுவனம் உருவானது, 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருப்பதால், அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். நகரங்களுக்கு வெளிச்சம் போனது. பல்லாயிரம் குடும்பங்கள் சம்பளம் வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்து நிமிர்ந்தன. அதற்காக வீட்டையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்த கிராமங்களும் இருக்கின்றன. டவுன்ஷிப்பின் மரநிழல் சாலைகளில் நடக்கும்போது அந்தக் கிராமங்கள் கண்ணுக்குத் தெரியாது.

2023 ஜூலையில் தெரிந்தது. வளையமாதேவியில் பரவனாற்றுக்கான மாற்றுக் கால்வாய் வெட்டும் பணிக்காக, விளைந்து நின்ற நெற்பயிர் மேல் இயந்திரங்கள் இறங்கிய வீடியோவை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். அது தவறான தகவல் அல்ல. அறுவடை வரை இரண்டு மாதம் காத்திருக்க முடியாதா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கேட்டதும் உண்மை. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் பிறகு நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்த வாரம் நெய்வேலியில் கோயிலுக்குப் போனவர்களுக்கும் சர்ச்சுக்குப் போனவர்களுக்கும் இருந்த சங்கடம் சாதாரணமானது அல்ல. சோறு போடும் வேலை ஒரு பக்கம். அதே சோறு விளையும் வயல் இன்னொரு பக்கம். 'உங்களுக்குள்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் கதவைச் சாத்திக்கொண்டு மன அமைதியோடு இருந்துவிடலாம். 'உங்கள் நடுவே' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் கமிட்டி போட்டு, மனு எழுதி, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். இழப்பீட்டுத் தொகையைச் சரியாகக் கணக்கிட்ட பிறகும், தன் பயிர் புரட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்ற விவசாயியின் முகம் கணக்கில் சேராமலே இருக்கும்.

இந்த மண்ணில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல. பக்கத்து ஊரான வடலூரில் வள்ளலார் 1867-ல் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 1872-ல் கட்டிமுடிக்கப்பட்ட சத்திய ஞானசபையில் ஏழு திரைகளுக்குப் பின்னால் இருப்பது ஒரு தீபம். திரைகள் விலகினால் உள்ளே ஒளி. ஆனால், திரையை விலக்கும் வழி ஜீவகாருண்யம்தான் என்றார் அவர். அதனால்தான் ஞானசபைக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே தருமசாலையைத் திறந்தார். முதலில் சோறு, பிறகு ஜோதி. எந்த சபையின் பைபிளைக் கையில் வைத்திருப்பவருக்கும் இந்த வரிசை புரியும்.

நெய்வேலியிலிருந்து வடலூருக்குப் போகும் பஸ்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் இருக்கும். தருமசாலையில் சாப்பிட வருகிறவர்களிடம் என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. நிலம் இழந்தவரா, நிலம் எடுத்த இடத்தில் வேலை பார்ப்பவரா என்றும் கேட்பதில்லை. பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார நேரலாம். என்ன பேசிக்கொள்வார்கள் என்பது அவர்கள் பாடு.