மூக்கைச் சொறியும் மான்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்னும் பாறைச் சிற்பத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரிய யானையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் கால்கள் நிற்பது அங்கே படுத்திருக்கும் மான் ஜோடியிடம். ஆண் மான் கழுத்தை வளைத்து, பின்னங்காலைத் தூக்கி, குளம்பு நுனியால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பியிடம் தேவர்களையும் கந்தர்வர்களையும் வடிக்கச் சொல்லியிருப்பார்கள். மானுக்கு மூக்கு அரிக்கும் என்று எந்தச் சாத்திரம் சொல்லியிருக்கும்? உளியைக் கீழே வைத்துவிட்டு, காட்டோரத்தில் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும் அந்த மனிதர். தவம் என்று நான் கும்பிடுவது அந்தப் பார்வையைத்தான். விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால், அந்த மானை அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும், தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.