இருளில் பறக்கும் ட்ரோன்

இருளிலும் காணவல்ல கமராவைப் பூட்டிவிட்டால் நள்ளிரவிலும் ட்ரோனை அச்சமின்றிப் பறக்கவிடலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்பதே நம் கருத்து.

இரவுக்காட்சிக் கருவிகளுள் ஒருவகை, விண்மீன்களின் மங்கிய ஒளியைப் பெருக்கிக் காட்டும். மற்றையது, பொருள்கள் வெளிவிடும் வெப்பத்தை உருவமாக்கித் தரும். காட்டில் வழிதவறியோரைத் தேடுவதற்கு இவை பேருதவி புரிகின்றன. ஆயினும் இவற்றின் காட்சிப் பரப்புக் குறுகியது. ஒளிபெருக்கும் கண்ணாடியில் ஏறக்குறைய 40 பாகையே தெரியும். நோயாளியை ஏற்றிக்கொண்டு பக்கத்திலிருந்து தாழப் பறந்துவரும் ஹெலிகொப்டர் அதில் அகப்படாது போகலாம். மெல்லிய மின்கம்பியும் புலப்படாது போகலாம்.

அமெரிக்காவிலே, 2021 ஏப்ரல் முதல், தொழிலுக்காக ட்ரோன் செலுத்துவோர் உரிய பயிற்சி பெற்று, 3 மைல் தொலைவிலும் தெரியும் மின்னும் விளக்கைப் பொருத்தினால், இரவுக்கென விசேட அனுமதியின்றியே பறக்கவிடலாம். ஆனால் வெற்றுக்கண்ணால் காணக்கூடிய தூரத்திலேயே அதனை வைத்திருத்தல் வேண்டும். மூக்குக்கண்ணாடி தவிர்ந்த எக்கருவியும் இதற்கு ஈடாகாது.

கண் இருளுக்கு நன்கு பழக ஏறக்குறைய 30 நிமிடம் செல்லும். இளைஞர்காள், அதுவரை பொறுத்திருங்கள். திரையின் ஒளியைத் தணியுங்கள். நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தை முன்னரே கேட்டறியுங்கள். கருவி கண்ணுக்குத் துணையேயன்றிக் கண்ணாகாது என்பதை நாம் மறத்தலாகாது.