படம் எடுத்தால் போதுமா?

கடல் கடந்து வாணிபம் நடத்திய சீமை, செட்டிநாடு. இரங்கூனிலே எழுதிய கணக்கு, கப்பலேறி வந்து, காரைக்குடியிலே படிக்கப்பட்ட காலம் உண்டு. தொலைவிலே இருப்பவர் பார்த்து முடிவு சொல்வது இந்த மண்ணுக்குப் புதுமை அல்ல. வட்டிக் கணக்குக்கு அன்று கிடைத்த அந்த வசதி, உழைப்பாளியின் உயிருக்கு இன்று கிடைக்கிறதா என்பதே நமது கேள்வி!

பக்கவாதத்தையே எடுத்துக்கொள்வோம். மூளையிலே ரத்தக்குழாய் அடைத்ததா, வெடித்ததா? முகத்தைப் பார்த்து எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. சி.டி. ஸ்கேன் படம்தான் சொல்லும். அடைப்பு என்றால், கட்டியைக் கரைக்கும் மருந்து உயிர் காக்கும். வெடிப்பு என்றால், அதே மருந்து உயிர் குடிக்கும்! அந்த மருந்தையும் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். படம் இருக்கிறது, படிப்பவர் இல்லை என்றால், பயன் என்ன? “மதுரைக்குக் கொண்டு போ” என்பார்கள். 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தச் சாலை, நாலரை மணி நேரத்திலே எவ்வளவை விழுங்கும் என்பதை நாமா சொல்ல வேண்டும்?

வழி இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவிலே நள்ளிரவு என்றால் பெங்களூரிலே பகல். 2002-ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பட்ட ‘டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸ்’, அமெரிக்க மருத்துவமனைகளில் இரவிலே எடுத்த படங்களை இங்கிருந்தே படித்து அறிக்கை அனுப்பியது. கடலுக்கு அப்பால் உள்ளவனின் மூளையை இங்கிருந்து பார்க்க முடிகிறது. கண்டனூர்த் தொழிலாளியின் மூளையைப் பார்க்க முடியாதா? 2015-ல் மத்திய அரசு அறிவித்த இலவசப் பரிசோதனைத் திட்டத்திலேயே, சி.டி. ஸ்கேனும், தொலைவிலிருந்து படம் படிக்கும் சேவையும் இடம் பெற்றிருக்கின்றன. எனவே நாம் கேட்பது சலுகை அல்ல. ஏட்டிலே எழுதியதை வீட்டுக்குக் கொண்டு வா என்கிறோம்!

படம் கம்பி வழியே போய்விட்டால் நோய் பறந்துவிடும் என்று நாம் கூறவில்லை. இரவிலே படம் எடுக்கும் ஊழியர் வேண்டும்; மின்சாரம் தடைபடாமல் வேண்டும்; மருந்து கையிருப்பிலே வேண்டும்; அறிக்கையைக் கண்டதும் சிகிச்சை தொடங்கும் டாக்டர் பக்கத்திலே வேண்டும். தொலைவிலே படிப்பவர் தம் பெயரிட்டுக் கையெழுத்திட வேண்டும்; ஐயம் எழுந்தால் உடனே தொலைபேசியிலே கிடைக்க வேண்டும். இவை இல்லையேல், தொலைவு என்பது பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் சாக்காகிவிடும்.

2012-ல் சிவகங்கையிலே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, வரவேற்றோம். இனி மாவட்டத்திலே ஸ்கேன் உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனை வாயிலிலும் ஒரு பலகை தொங்கட்டும்: நேற்றிரவு எடுத்த படங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடத்திலே படிக்கப்பட்டது என்று. நோயாளியின் பெயர் வேண்டாம், நேரம் போதும்.

தோழர்கள் தத்தம் ஊர் மருத்துவமனைக்குச் செல்லுங்கள், பணிவோடு கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். இயந்திரம் வாங்கிய செய்திக்கு விழா எடுத்தார்கள். அது காப்பாற்றிய உயிருக்கு என்று கணக்குக் காட்டப் போகிறார்கள்?