ஷிப்ட் சுழற்சியும் கூடைப்பந்தும்: எங்கள் நிலைப்பாடு

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளில் வேலை பார்த்துக்கொண்டே கூடைப்பந்து ஆடுகிற அணிகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. கம்பெனிகளுக்கு இடையிலான போட்டிகளில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களை அப்படியே கோர்ட்டில் இறக்குவது சரியா, ஆட்ட அட்டவணை போடும்போது ஷிப்ட் சார்ட்டையும் பார்க்க வேண்டுமா என்ற சண்டை எங்களுக்குள் கொஞ்ச காலமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அதோடு, சுழற்சி போகும் வரிசையையும் இடையில் கிடைக்கும் ஓய்வையும் ஆலை நிர்வாகங்கள் திருத்த வேண்டும் என்று கேட்கிறோம்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. அணி ஒன்று ஒரு சீசனில் 82 லீக் ஆட்டம் ஆடுகிறது. பாஸ்டனிலிருந்து போர்ட்லாண்டுக்குப் போனால் கடிகாரத்தை மூன்று மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். லீக்குக்குள் ஓர் அணி தாண்டுகிற அதிகபட்ச வித்தியாசமே அவ்வளவுதான். அந்த மூன்று மணி நேரத்துக்காக அங்கே தூக்க மருத்துவர்களிடம் ஆலோசனை கேட்கிறார்கள். ஐந்து இரவுகளில் நான்கு ஆட்டம் என்று வந்துகொண்டிருந்த கொடுமையை, 2017–18 சீசனை ஒரு வாரம் போல முன்கூட்டியே தொடங்கி, அட்டவணையிலிருந்தே நீக்கினார்கள்.

நம் பக்கம் வருவோம். ஏ ஷிப்ட் காலை 6 மணி, பி ஷிப்ட் மதியம் 2, சி ஷிப்ட் இரவு 10. சில ஆலைகளில் அரை மணி முன்பின் இருக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற எவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எட்டு மணி நேரத்தைத் தாண்டுகிறார். இந்தியா முழுக்க ஒரே நேரம் என்பதால் கவுகாத்திக்குப் போய் ஆடினாலும் நம் வீரர் கைக்கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. (அசாம் தேயிலைத் தோட்டங்கள் ஒரு மணி நேரம் முந்திய தோட்ட நேரத்தைத் தனியாக வைத்துக்கொண்டது வேறு கதை.) ஆனால் ஊரை விட்டு நகராமலே, என்.பி.ஏ. வீரர் பார்க்காத தூரத்தை ஷிப்ட் சார்ட் அவருக்குக் காட்டிவிடுகிறது.

விமானத்தில் போகிறவருக்காவது ஒரு வசதி உண்டு. இறங்கிய ஊரில் விடிவதும் சாப்பிடுவதும் உறங்குவதும் எல்லாமே புது நேரத்தில் நடக்கும். கண்ணில் படுகிற வெளிச்சத்தை வைத்து உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்ற கணக்கில் தன்னைத் திருத்திக்கொள்ளும். சி ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ் ஏறுகிறவருக்கு அது வாய்க்காது. தூங்கப் போகிற நேரத்தில் ஜன்னல் வழியே முகத்தில் வெயில் அடிக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை ரூமில், மே மாதத்தில், பதினொரு மணிக்கெல்லாம் ஷீட் கூரை கொதிக்கும். பி ஷிப்டுக்குக் கிளம்புகிறவர் குக்கர் வைப்பார். மூன்று மணிக்கு ஏ ஷிப்ட் ஆள் திரும்பி வந்து கதவைத் தட்டுவார். வார விடுமுறைக்கு வந்தவாசிக்கோ அரக்கோணத்துக்கோ போனால் வீட்டில் எட்டு மணிக்கு இட்லி சாப்பிட எழுப்புவார்கள். உடம்பு கொஞ்சம் திரும்ப ஆரம்பிக்கும்போதே பழைய இடத்துக்கு இழுக்கப்படுகிறது.

இதற்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறோம். 1997-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்கக் கால்பந்தின் திங்கள் இரவு ஆட்டங்களை 25 சீசன்களுக்கு அலசினார்கள். மேற்குக் கரை அணிகள் கிழக்குக் கரை அணிகளைவிட எதிர்பார்த்ததற்கு மேலாகவே ஆடியிருந்தன. கிழக்கில் இரவு 9 மணி என்றால் மேற்கிலிருந்து வந்தவரின் உடம்புக்கு மாலை 6. தசைக்கும் அனிச்சை வேகத்துக்கும் உச்ச நேரம் அதுதான். அதே ஆண்டு வெளிவந்த கூடைப்பந்து ஆய்வு எட்டு சீசன்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட என்.பி.ஏ. ஆட்டங்களை எடுத்துக்கொண்டது. ஆட்டங்களுக்கு நடுவே ஒரு நாளுக்கு மேல் ஓய்வு கிடைத்தால் அணிகள் எடுத்த புள்ளி கூடியது. வெளியூர் அணிகளில் மேற்கிலிருந்து கிழக்கே போனவை, எதிர்த்திசையில் போனவற்றைவிட நன்றாக ஆடின. கிழக்கே பறந்தால் தூக்கம் பிடிப்பதுதான் கஷ்டம் என்று மருத்துவர்கள் சொல்லும்போது இது முரணாகத் தெரியலாம். மாலை ஆட்டம் நடக்கும்போது உள்ளே இருக்கும் கடிகாரத்தில் மணி என்ன என்று பார்த்தால் முரண் போய்விடும். தூரத்தைவிட அந்த மணிதான் முக்கியம்.

2019 அக்டோபரில் மும்பையில் நடந்த என்.பி.ஏ. காட்சி ஆட்டங்களையும் எங்களில் சிலர் இழுப்பார்கள். பன்னிரண்டரை மணி நேர வித்தியாசத்தில் வந்த சாக்ரமென்டோ, ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தில் வந்த இண்டியானாவிடம் இரண்டு ஆட்டமும் தோற்றது. முதல் ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய் ஒரே புள்ளியில் முடிந்தது. இரண்டு ஆட்டத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. டீக்கடைப் பேச்சுக்கு உதவும், அவ்வளவே.

ஞாயிறு காலை 7 மணிக்கு ஆட்டம் வைக்கிற நம் வழக்கத்துக்கு உடம்புக் கடிகாரத்தின் அந்தக் கணக்கைப் பொருத்துங்கள். மைதானம் அப்போதுதான் காலியாக இருக்கும், வெயிலுக்கு முன் முடிந்துவிடும் என்பதால் வந்த வழக்கம் அது. ஒரு மணி நேரம் முன்பு லைனிலிருந்து இறங்கியவரின் உடல் வெப்பம் அன்றைய நாளின் அடிமட்டத்திலிருந்து அப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கும். முதல் பத்து நிமிடம் ஆசையில் ஓடுவார். பிறகு கவனித்துப் பாருங்கள்: ஃப்ரீ த்ரோ வளையத்தின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பும், ஏனென்றால் முழங்கால் மடங்காமல் கையால் மட்டும் எறிகிறார். ரீபவுண்டுக்குக் குதித்தவர் அடுத்தவர் பாதத்தின்மேல் இறங்கிக் கணுக்காலைப் பிசக்கிக்கொள்வார். திங்கள் காலை அதே காலோடு எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். தூக்கம் கூடினால் நடப்பதும் பதிவாகியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் 11 கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்களுக்கு இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில் ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவீதம் உயர்ந்தது. மூன்று புள்ளி வீச்சும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறியது.

நமக்குப் பத்து மணி நேரத் தூக்கம் கனவு. ஆகவே வரிசையைப் பற்றிப் பேசுகிறோம்.

வேலை நேரம் பற்றிய நம் விவாதம் எப்போதும் மணிக் கணக்கிலேயே நிற்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி என்று வரம்பு போட்டது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டபோதும் பேச்சு முழுக்க எத்தனை மணி நேரம் என்பதுதான். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அந்த எட்டு மணி நேரம் நாளின் எந்தப் பகுதியில் விழுகிறது, அடுத்த வாரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பற்றி, வயது வந்த ஆண் தொழிலாளர்களைப் பொறுத்தவரை, 1948 சட்டம் வாய் திறக்கவில்லை. அது சார்ட் போடுகிறவரின் வசதிக்கு விடப்பட்டிருக்கிறது.

மனித உடம்புக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமாக ஓடுகிறது. அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பது கடினம். ஏ, பி, சி என்று போகும் சுழற்சி உடம்போடு போகிறது. சி, பி, ஏ என்பது உடம்போடு மல்லுக்கட்டுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓர் உப்புக் கனிம ஆலையில் பின்னோக்கி, வாரா வாரம் மாறிக்கொண்டிருந்தவர்களை முன்னோக்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றிப் பார்த்தார்கள். 1982-இல் அந்த முடிவுகள் வெளியாயின. தொழிலாளர்களுக்குத் திருப்தி கூடியது, வேலையை விட்டுப் போவது குறைந்தது, உற்பத்தியும் ஏறியது. இரண்டு மூன்று நாளில் வேகமாக மாற்றுவதே மேல் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. வாரச் சுழற்சி இரண்டுங்கெட்டான் என்பதே எங்கள் கருத்து.

நைட் ஷிப்டையே எடுத்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கண்ணாடி உலையை இரவில் அணைத்துவைத்துக் காலையில் பற்றவைக்க முடியாது. எங்கள் உறுப்பினர்களிலேயே, குறிப்பாக இளைய பையன்களில், சி ஷிப்டை விரும்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அலவன்ஸ் வருகிறது, பகலில் பயிற்சிக்கும் போகலாம் என்கிறார்கள். அவர்களோடு எங்களுக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை. பகல் பயிற்சியில் செலவாகிறது அவர்களுடைய தூக்கம்.

நிர்வாகங்களிடம் கேட்பது இவ்வளவே. சுழற்சியை ஏ, பி, சி வரிசையில் வையுங்கள். சி ஷிப்ட் வாரம் முடிந்தபின் இரண்டு முழு இரவுகள் வீட்டில் தூங்க விடுங்கள். ஆள் வரவில்லை என்பதற்காக சி முடித்தவரையே மதியம் பி ஷிப்டுக்குக் கூப்பிடும் டபுளை நிறுத்துங்கள். இரண்டு ஷிப்டுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரம், பஸ் பயண நேரம் போக, இருக்கட்டும். ஹாஸ்டல்களில் ஒரே ஷிப்ட் ஆட்களுக்கு ஒரே அறை கொடுங்கள். கனமான திரைக்கும் ஒரு ஃபேனுக்கும் ஆகும் செலவைத் தவிர இதில் பெரிய பணம் எதுவும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் பயிற்சியாளருக்கும் இதே விதி. சார்ட்டில் மோசமான வரிசை பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

எங்கள் பங்கை வரும் போட்டியிலிருந்தே தொடங்குகிறோம். ஞாயிறு காலை ஆட்டங்களை எடுத்துவிட்டு மாலை 5 மணிக்கு மேல் வைக்கிறோம். ஒவ்வொரு அணியும் பெயர்ப் பட்டியலோடு அந்த மாதத்து ஷிப்ட் விவரத்தையும் தர வேண்டும். ஐந்துக்கு மூன்று பேர் சி ஷிப்டில் இருக்கும் வாரத்தில் அந்த அணிக்கு ஆட்டம் போட மாட்டோம். முந்தைய இரவு வேலை பார்த்தவர் விரும்பினாலும் அன்று களமிறக்கப்பட மாட்டார். இதனால் லீக் இரண்டு வாரம் நீளும், மைதான வாடகையும் கூடும். அந்தக் கூடுதல் தொகையை அணிகள் சமமாகப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டிருக்கின்றன.