நகரத்தில் நாகரிகம், மலையில் வெறுங்கால்

உழைப்பாளிக்கென்று தைத்த சப்பாத்து இன்று பெருநகரங்களில் நாகரிகமாகிவிட்டது. டொக்டர் மார்டின்ஸ் சப்பாத்தை எடுத்துக்கொள்வோம். 1960 ஏப்ரல் 1ஆம் திகதி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 2 பவுண். தபால்காரர்களும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுமே வாங்கினார்கள். பிறகு பாட்டுக்காரர்கள் அதை மேடையில் போட்டார்கள், இளைஞர் கூட்டம் பின்தொடர்ந்தது. இன்று லண்டனிலும் தோக்கியோவிலும் வேலைக்கே சம்பந்தமில்லாத கால்களில் அது ஏறியிருக்கிறது.

இறப்பர் சப்பாத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1853இல் பிரான்சில் ஹிரம் ஹட்சின்சன் அதைத் தயாரிக்கத் தொடங்கியபோது, சேற்றில் நின்ற விவசாயிகளுக்கு அது வரப்பிரசாதம். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நின்ற சிப்பாய்களின் கால்களையும் அதுதான் காத்தது. 2005இல் கிளாஸ்டன்பரி இசை விழாவில் மொடல் அழகி கேட் மொஸ் அதை அணிந்து சேற்றில் நடந்தார். அதோடு அது சீமாட்டிகளின் பொருளாகிவிட்டது.

அந்த இறப்பர் 1876இல் ஹெனரத்கொடை தோட்டத்தில் கன்றாக நடப்பட்டு நம் நாட்டுக்கு வந்தது. களுத்துறையிலும் கேகாலையிலும் பால் வெட்டிய கைகளில் நமது மக்களின் கைகளும் உண்டு. ஆனால் அந்தக் கால்களுக்குச் சப்பாத்து வந்ததா?

தேயிலை மலையைப் பாருங்கள். மழைக் காலத்தில் அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகிறார்கள் நம் பெண்கள். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, காலில் ஒரு தேய்ந்த செருப்பு. அதுவும் வழுக்கினால் கழற்றிவிட்டு வெறுங்கால். தேயிலைத் தூருக்குள் பாம்பு கிடந்தால் காலுக்குத்தான் முதலில் தெரியும்.

"கொடுத்தாலும் போடமாட்டார்கள்" என்று நிர்வாகம் சொல்லும். ஆண்களின் அளவில், தண்ணீர் நிரம்பினால் தூக்க முடியாத கனத்தில் கொடுத்தால் யார்தான் போடுவார்கள்? சரிவான மலையில் பிடிமானம் இல்லாத சப்பாத்து, வெறுங்காலைவிட ஆபத்து. பெண்களின் காலளவு எடுத்து, பிடிமானமுள்ள அடியோடு கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பேசட்டும்.

கவ்வாத்துக் கத்தியைப் போல இதுவும் வேலைக்கான பொருள்தான். விலையைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் சம்பளத்தோடு சப்பாத்தும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மழைக்கு முன்பே காலளவுப் பட்டியலைத் தயாரித்துத் தலைவரிடம் கொடுக்கட்டும்.