பயிற்றுநரே நடுவரானால்

1930ஆம் ஆண்டு சூலை 19. உருகுவே நாட்டின் மான்டிவிடியோ நகரில் முதல் உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அன்று அர்ஜென்டினாவும் மெக்சிகோவும் மோதிய ஆட்டத்தின் நடுவர் உலிசெஸ் சவுசெடோ. அவர் பொலிவியா அணியின் பயிற்றுநர். அவருடைய அணியும் அதே கோப்பைக்காகத்தான் வந்திருந்தது. மறுநாள் பிரேசிலுடன் ஆட வேண்டியிருந்தது. பின்னர் நடந்த இறுதி ஆட்டத்திலும் கோட்டு நடுவர்களுள் ஒருவராக அவர் நின்றார். இன்றைய உலகக்கோப்பையில் இப்படியோர் ஏற்பாட்டை எவரும் ஏற்கமாட்டார்கள். ஆயினும் சிறுவர் கால்பந்தில் இதைவிடச் சிக்கலான ஏற்பாடு அன்றாடம் நடைபெறுகிறது. சவுசெடோவாவது பிற அணிகள் ஆடிய ஆட்டத்துக்கு நடுவராக இருந்தார். சிறுவர் ஆட்டங்களிலோ பயிற்றுநர் தம் அணி ஆடும் ஆட்டத்துக்கே விசில் ஊத நேர்கிறது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஆள் பற்றாக்குறையே. அமெரிக்காவின் ஊர்க் கழகங்களில் மாலை வேளையில் பயிற்சி தரும் பெற்றோர், நடுவர் வராத நாளில் தாமே விசிலை எடுத்துக்கொள்கின்றனர். தமிழ்நாட்டுப் பள்ளிப் போட்டிகளில் அணியை உருவாக்கும் உடற்கல்வி ஆசிரியர்களே நடுவர் பொறுப்பையும் பகிர்ந்துகொள்கின்றனர். அவர்கள் ஊதாவிட்டால் ஆட்டமே நடவாது. ஊதியமின்றியும் நன்றியின்றியும் வெயிலில் ஓடும் அவர்களைக் குறை கூறுவது எளிது. அக்குறையில் நியாயம் இராது. இங்கே ஆராயத்தக்கது அவர்களுடைய நேர்மையன்று, அவர்கள் நிறுத்தப்படும் இடம்.

கால்பந்து இந்தச் சிக்கலைத் தன் தொடக்கக் காலத்திலேயே சந்தித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒவ்வோர் அணியும் தனக்கென ஓர் ஆட்டக் கண்காணிப்பாளரை அழைத்து வந்தது. அவ்விருவரும் உடன்படாதபோது முறையிடுவதற்காக மூன்றாமவர் ஒருவர் ஆடுகளத்துக்கு வெளியே நின்றார். இருவரும் உடன்படாத நிலையே மிகுந்ததால், 1891இல் அந்த மூன்றாமவர் முழு அதிகாரத்துடன் களத்தின் உள்ளே கொண்டுவரப்பட்டார். அணிகளின் ஆட்கள் கோட்டருகே அனுப்பப்பட்டனர். தமிழில் ‘நடுவர்’ என்னும் சொல்லே நிற்குமிடத்தைக் கொண்டு அமைந்தது. ஓர் அணியின் பக்கம் நிற்பவர் எத்துணை நல்லவராயினும் நடுவில் நிற்பவர் ஆகார்.

நேர்மையான பயிற்றுநரையும் அவருடைய அறிவே ஏமாற்றிவிடும். தம் தடுப்பாட்டக்காரன் முரடன் அல்லன் என்பதை அவர் ஓராண்டாக அறிந்திருக்கிறார். ஆகவே அவன் கால் எதிராளியின் கணுக்காலில் படும்போது அது தற்செயலாகவே அவர் கண்ணுக்குத் தோன்றும். எதிரணிச் சிறுவனைப் பற்றி அவர் ஒன்றும் அறியார். அதே மோதல் அவனிடமிருந்து வந்தால் தவறாகத் தெரியும். 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்னும் இரு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மோதிய அமெரிக்க வகைக் கால்பந்து ஆட்டமொன்றின் படச்சுருளை அவ்விரு நிறுவனங்களின் மாணவர்களுக்கும் ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்னும் உளவியலாளர்கள் திரையிட்டுக் காட்டினர். டார்ட்மவுத் அணி செய்ததாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணிய தவறுகளில் பாதியைக்கூட டார்ட்மவுத் மாணவர்கள் காணவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. இரு சாராரும் பார்த்தது ஒரே படம்.

பயிற்சி பெற்ற நடுவர்களுக்கும் முழு விலக்கு இல்லை. இங்கிலாந்தில் 40 நடுவர்களிடம் ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களை ஒளிப்பதிவாகக் காட்டிய ஆய்வொன்றின் முடிவு 2002இல் வெளிவந்தது. பார்வையாளர் கூச்சலுடன் பார்த்தவர்கள், ஒலியின்றிப் பார்த்தவர்களைக் காட்டிலும் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 விழுக்காடு குறைவான தவறுகளையே அறிவித்தனர். முகமறியாக் கூட்டத்தின் ஓசையே இவ்வளவு செய்யுமானால், பெயர் சொல்லி அழைத்துப் பழகிய பதினொரு பிள்ளைகளின் முகம் என்ன செய்யாது?

இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு; அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பழிச்சொல்லுக்கு அஞ்சும் பயிற்றுநர் தம் பிள்ளைகளுக்கு உரிய பெனால்டியை மறுக்கிறார். ஐயத்துக்குரிய ஆஃப்சைடைத் தம் அணிக்கு எதிராகவே ஊதுகிறார். எதிரணி அதையும் நம்புவதில்லை. இவ்வாறு இரு தரப்பும் ஒரே மனிதரால் வஞ்சிக்கப்பட்டதாக எண்ணி வீடு திரும்புகின்றன. போதாக்குறைக்கு, விசிலை வாயிலிருந்து எடுத்தவுடன் “பின்னால் வா, இடப்பக்கம் காலி” என்று பழக்கத்தில் அவர் குரல் கொடுத்துவிடுவார். அந்தக் கணத்தோடு எதிரணிக்கு நடுவர் என ஒருவர் இல்லாமற் போய்விடுகிறார்.

இந்திய உச்சநீதிமன்றம் 1969இல் கிரைபாக் வழக்கில் இதே சிக்கலை வேறொரு களத்தில் கண்டது. வனத்துறைப் பணித் தேர்வுக் குழுவில் அமர்ந்திருந்த அதிகாரி ஒருவர் தாமும் அத்தேர்வுக்குப் போட்டியிட்டவர். தம் பெயர் பரிசீலிக்கப்பட்டபோது அவர் விலகிக்கொண்டார். போட்டியாளர்களின் பெயர்கள் எடைபோடப்பட்டபோது உடனிருந்தார். நீதிமன்றம் அத்தேர்வைச் செல்லாததாக்கியது. ஒருதலைச் சார்புக்கு நியாயமான வாய்ப்பு இருந்ததே அதற்குப் போதுமான காரணமாயிற்று. குறுவட்டப் போட்டியில் தோற்ற அணிக்கு மாவட்டப் போட்டி இல்லை; மாவட்டத்தைக் காணாத வீரனை மாநிலத் தேர்வாளர் காண்பதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சேர நினைக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு விசில் சிறிய செய்தியன்று.

ஆதலால் எல்லை வகுக்க வேண்டியது ஆட்டத்தின் விளைவைப் பொறுத்தே. பயிற்சி ஆட்டத்திலும் மிகச் சிறியவர் ஆட்டத்திலும் பயிற்றுநர் விசில் ஊதுவதால் பெருங்கேடு இல்லை. செருமனியில் சிறார் ஆட்டங்கள் சில நடுவரே இன்றி நடத்தப்படுகின்றன: பந்து யாருடையது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்கின்றனர், பெற்றோர் எட்ட நிற்கின்றனர், இரு பயிற்றுநரும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்று, தேவையானபோது மட்டும் தலையிடுகின்றனர். தோற்றவர் வெளியேறும் ஆட்டத்திலும் தேர்வு ஆட்டத்திலும் அது போதாது. அங்கே சொந்த அணியின் ஆட்டத்தைப் பயிற்றுநரிடம் ஒப்படைக்கவே கூடாது. மூன்று பள்ளிகள் கூடும் மைதானத்தில் ஆடாத பள்ளியின் ஆசிரியர் ஊதலாம். சவுசெடோ காலத்து ஏற்பாடு அந்த அளவில் இன்றும் பயன்படும். இரண்டே பள்ளிகள் எனில், பாதிக்கு ஒருவராக ஊதுவது நல்ல வழிபோல் தோன்றும். உண்மையில் முதற்பாதியின் மனக்குறைக்கு இரண்டாம் பாதியில் ஈடு தேடும் பழக்கத்தையே அது வளர்க்கும்.

இன்னொரு வழி பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. இங்கிலாந்தில் 14 வயது நிறைந்தவர் நடுவர் பயிற்சியில் சேரலாம். கால்பந்தின் விதிகள் மொத்தம் 17தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு, அவ்விரு பள்ளிகளையும் சேராத பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அவற்றைக் கற்றுக்கொண்டு வந்து நின்றால், ஆசிரியர்கள் இருவரும் கோட்டுக்கு வெளியே நின்று தத்தம் அணிக்கு வேண்டிய மட்டும் குரல் கொடுக்கலாம்.